யுஸ்டாவின் கூரையை நான் போடவில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையதுதான். "இரிங்கா மலைப்பக்கம் வாத்தியாராக இருந்தபோது ஒரு கல்யாணமாகாத பெண்ணுக்கு வீட்டுக் கூரை போட்டுக் கொடுத்தேன்" என்று நாற்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறேன். தார் எஸ் சலாமில் நம்மவர்கள் கூடும் பொங்கல் விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். ஊருக்குப் போனால் தாம்பரத்தில் என் தம்பி வீட்டு மாடியில் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்லப் பொய்க்கு மெருகு ஏறியது. முதலில் கூரை போட்டவர்களில் நானும் ஒருவன். சில வருடங்களில் நான்தான் முன்னின்று போட்டேன். கடைசியாகச் சொன்னபோது மழைகூட என் வேலை முடியட்டும் என்று மலைக்குப் பின்னால் காத்திருந்தது.

போன வருடம் டொடோமாவில் ஒரு கல்யாணச் சாப்பாடு. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், குடிநீர் வாரியத்தில் பொறியாளர். காலையிலிருந்து பத்துப் பேராவது அவளிடம் "உனக்கு எப்போம்மா?" என்று கேட்டிருப்பார்கள். நானும் என் பங்குக்குக் கேட்டேன். அவள் மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சரி, பேச்சை மாற்றலாம் என்று கூரைக் கதையை எடுத்துவிட்டேன். மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த அம்மா உங்களைக் கேட்டாங்களா ஐயா?"

"என்னன்னு?"

"கூரை போட்டுக் குடுங்கன்னு."

நான் தண்ணீர் குடித்தேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இது ஒன்பதாவது வரைவு.

2

தொடக்கம் கிடைக்காமல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தூக்கிப் போட்டவற்றில் இரண்டை இங்கே விட்டுவைக்கிறேன்.

(அ) "மலையின் தோளில் மேகங்கள் சாய்ந்திருந்த அந்தக் காலை நேரத்தில்—"

எந்த நாட்டு மலைக்கும் எடுத்து ஒட்டலாம். வேண்டாம்.

(ஆ) "ஒரு கண்டமே விலங்குகளை உடைத்துக்கொண்டு எழுந்து நின்ற காலம் அது. வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற காலி நாற்காலிகளில்—"

கண்டம் எழுந்த கதையைக் கண்டமே சொல்லிக்கொள்ளும், அதற்கு என் தயவு தேவையில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு வீடு.

(இ) யுஸ்டாவுக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஒரு வீடு வேண்டும்.

இது இருக்கட்டும். இதற்கு மேல் அலங்காரம் செய்தால் அவளே வந்து அடித்துவிடுவாள்.

வருடம் 1975. இகாங்கிலோ என்ற ஊர் (பெயரை மாற்றியிருக்கிறேன், தேடாதீர்கள்). ஊருக்கு வயது ஒன்றுதான். குன்றுக்கு ஒரு குடிசையாகச் சிதறிக் கிடந்தவர்களை முந்தைய வருடம் அரசாங்கம் ஒரே இடத்தில் வரிசையாகக் குடியேற்றியிருந்தது. பத்து வீட்டுக்கு ஒரு தலைவர். கூட்டுறவுக் கடைச் சுவரில் ஆள் உயரத்துக்குப் பச்சை எழுத்து: சொந்தக் காலில் நிற்போம். வெள்ளைக்காரன் போய்ப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. இனி எவனும் வந்து நமக்குச் சோறு போடமாட்டான், போட்டாலும் வாங்கமாட்டோம் என்பதுதான் அதன் பொருள். பள்ளிக்கூடத்தில் காலையில் பிள்ளைகள் அதையே பாட்டாகப் பாடுவார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வெளியூர் வாத்தியார். அவரைப் பற்றிப் பிறகு.

3

வீட்டுமனை குடும்பத்துக்குத்தான். குடும்பம் என்றால் ஒரு ஆணும் அவனுக்குக் கீழே வருகிறவர்களும். தேசிய சேவை முகாமில் இரண்டு வருடம் இருந்து, செங்கல் அறுக்கவும் சுவர் எழுப்பவும் கற்றுக்கொண்டு திரும்பிய யுஸ்டா, அண்ணன் லுகேலோவின் வீட்டில் அடுப்பு மூலையில் படுத்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு மூன்றாவது பிள்ளை பிறந்ததும் அந்த மூலையும் போனது.

மாவட்ட அதிகாரி வந்த நாளில் ஊர்க்கூட்டம். அவள் வரிசைக்குத் தலைவரான வித்தாலிஸ் பேச எழுந்தார். குடையை ஊன்றிக்கொண்டு பேசுவது அவர் வழக்கம்.

"நம்ம நாடு இப்ப யாரையும் நம்பி இல்ல. பெரிய பெரிய நாடெல்லாம் நம்மளக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேங்குது. நமக்கென்ன கண்ணு தெரியாதா? நாம தனியா நிப்போம். இந்த ஊர்ல சொந்தக் கால்ல நிக்கத் தயாரா இருக்கறவங்க கை தூக்குங்க."

எல்லோரும் தூக்கினார்கள். எல்லோரும் இறக்கிய பிறகும் ஒரு கை இறங்கவில்லை.

"என்னம்மா யுஸ்டா?"

"மனை வேணும் பெரியவரே. வீடு கட்டிக்கறேன்."

"யாரு கூட?"

"செங்கல் கூட."

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. வித்தாலிஸ் குடையை மாற்றிப் பிடித்தார்.

"முதல்ல ஒருத்தன் வரட்டும். அப்புறம் மனை தானா வரும்."

"நாடு தனியா நின்னா பெருமைங்கறீங்க. நான் தனியா நின்னா மட்டும் ஏன் ஊருக்குக் கால் வலிக்குது?"

மாவட்ட அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, "அந்தப் பொண்ணு சொல்றது சரிதானே" என்றார். அவர் முன்னால் வித்தாலிஸ் என்ன செய்ய முடியும்? கடைசி வரிசையில் பாறையை ஒட்டிய மனையைக் கொடுத்தார். ஒரு நிபந்தனையும் கூடவே போட்டார். முதல் மழைக்குள் கூரை ஏற வேண்டும். இல்லாவிட்டால் மனை ஊருக்குத் திரும்பிவிடும்.

4

இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. அவள்மேல்.

இவ்வளவு துடுக்கான பெண்ணை வாசகர்கள் நம்புவார்களா? ஐந்தாவது வரைவில் ராத்திரி தனியாக உட்கார்ந்து அவளை அழவைத்தேன். நன்றாகவே அழுதாள், ஒன்றரைப் பக்கம். படித்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. அழுதது அவளில்லை. இவள் கொஞ்சம் அழுதால்தான் இவளை எனக்குப் பிடிக்கும் என்று நான் அவள் கண்ணில் தண்ணீர் விட்டிருக்கிறேன். அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். நிஜத்தில் அவள் அழுதிருக்கலாம். என் முன்னால் அழவில்லை. பார்க்காததை எழுதுவதில்லை என்று இந்த வரைவில் எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டளை.

பார்த்தது இது. ஜூலையிலிருந்து அக்டோபர்வரை, பொது வயலில் ஊரோடு வேலை செய்தது போக மிச்ச நேரத்தில், ஓடைக்கரையில் மண் குழைத்து அச்சில் அடித்து ஆயிரத்துச் சொச்சம் செங்கல் அறுத்தாள். சுட்ட செங்கல் இல்லை, வெயிலில் காய்ந்தது. தண்ணீர் பட்டால் கரைந்து மறுபடி ஓடைக்கே போய்விடும். முகாமில் கொடுத்த காக்கிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு சுவர் எழுப்பினாள். கால்சட்டையைப் பார்க்கவே ஒரு கூட்டம் அந்தப் பக்கம் ஆடு மேய்க்கப் போனது.

அண்ணன் லுகேலோ ஒருநாள் வந்தான்.

"எத்தன அறை?"

"ரெண்டு."

"ஒனக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணுல நான். இன்னொண்ணுல நீ வந்து ஒக்காந்து இந்தக் கேள்வி கேக்கறதுக்கு."

"வாய் மட்டும் நல்லா வளத்து வச்சிருக்க. கடைக்கார கிளாவுஸ் ஒன்னப் பத்திக் கேட்டான். பொண்டாட்டி செத்து ஒரு வருஷம் ஆச்சு. தகரக் கூரை வீடு."

"கேட்டதுக்கு சந்தோஷம்னு சொல்லு. தகரத்துல மழை பெஞ்சா எனக்குத் தூக்கம் வராது."

"நான் ஒன் நல்லதுக்குத்தாண்டி சொல்றேன்."

"தெரியும்ணே. அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் புடி."

பிடித்தான். அன்று சாயங்காலம்வரை பிடித்தான். லுகேலோவைக் கெட்டவனாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு எல்லாமே சுலபமாக இருந்திருக்கும்.

5

ஒரு திருத்தம். முதல் வரைவுகளில் கூரை போடும் நாளில் ஊரார் மூங்கில் கள் குடிப்பதாக எழுதியிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் மூங்கில் குருத்தைச் சீவி இறக்கும் கள் மழை பிடித்த பிறகுதான் கிடைக்கும். இது நவம்பர், மழைக்கு முன். அவள் காய்ச்சியது மக்காச்சோளக் கள். ஒரு வாரம் முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, கொதிக்கவைத்து, நான்கு பானை. மூங்கில் கள் போனதில் எனக்கு ஒரு நல்ல பத்தி நஷ்டம்.

கள் இல்லாமல் அந்த ஊரில் கூரை ஏறாது. வழக்கம் இதுதான். புல் வேய்கிற வேலைக்கு அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும் வருவார்கள். கூலி கிடையாது. வீட்டுக்காரன் முதல் சுரைக்குடுவையில் கள் மொண்டு மூத்த கூரைக்காரரிடம் கொடுப்பான். அவர் ஒரு வாய் குடித்ததும் வேலை தொடங்கும். பொழுது சாய்வதற்குள் கூரை முடிந்துவிடும். யார் கை குடுவையைக் கொடுத்ததோ வீடு அவருடையது. அதற்கு மேல் பத்திரம் எதுவும் அங்கே வேண்டியதில்லை.

கொடுக்கிற கை பெண்ணின் கையாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

வித்தாலிஸ் முதல் நாளே வந்து வாசலில் நின்றார். மனிதர் கோபக்காரர் இல்லை. தன் வரிசையில் சண்டை வரக்கூடாது என்கிற ஒரே கவலைதான் அவருக்கு.

"நாளைக்குக் குடுவைய யாரு குடுக்கறது?"

"நான்தான்."

"அண்ணன் குடுக்கட்டும்."

"குடுத்தா வீடு அண்ணனுது ஆயிடும்."

"அப்படி யாரு சொல்வா?"

"நீங்கதான் சொல்வீங்க. மொத ஆளா."

அவர் குடை நுனியால் தெற்கைக் காட்டினார்.

"கூரைக்காரர் லுடோவிக் பழைய ஆளு. ஒன் கையால வாங்கமாட்டாரு. அவரு வாங்கலேன்னா ஒருத்தனும் ஏணியத் தொடமாட்டான். மேகம் தெக்கால கட்டுது. நீயே யோசிச்சுக்க."

"வெள்ளைக்காரன் போகும்போது நம்மளப் பாத்து என்ன சொன்னான் பெரியவரே? உங்களால முடியாது, யோசிச்சுக்கங்கன்னு சொல்லலையா? நாம என்ன சொன்னோம்?"

"அது நாட்டு விஷயம்மா."

"இது வீட்டு விஷயம். அளவுல சின்னது. அவ்வளவுதான்."

6

காலையில் பதினைந்து ஆண்கள் வந்தார்கள். வந்து, வாசலுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மூங்கில் சட்டம் முழுவதையும் அவள் ஏற்கெனவே கட்டி முடித்திருந்தாள். அறுத்து உலர்த்திய புல் எழுபது கட்டு சுவரோரம் கிடந்தது. நான்கு பானையும் நுரைத்துக்கொண்டிருந்தது. லுடோவிக் ஏணிக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து யாரையோ எதிர்பார்ப்பதுபோல் பாதையைப் பார்த்தார்.

லுகேலோ எழுந்து பானைப் பக்கம் ஒரு அடி வைத்தான். யுஸ்டா அவனைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு மணி நேரம் போனது. தெற்கே வானம் கருத்தது. யுஸ்டா வீட்டின் பின்பக்கம் ஏறி ஒரு முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். வித்தாலிஸ் குடையால் தரையைத் தட்டினார். கண் கூட்டத்தைச் சுற்றி வந்து ஒரு ஆள் மேல் நின்றது.

"வெளியூர் வாத்தியாரே, நீங்க ஆம்பளதானே? ஒங்களுக்கும் இன்னும் கல்யாணம் ஆகல. எழுந்து குடுத்துத் தொலைங்க. மழை வருது."

எல்லோரும் சிரித்தார்கள். வெளியூர் வாத்தியார் எழுந்தார். அவர் ஒரு—

இல்லை. எட்டு வரைவுகளில் "அவர்" என்றே எழுதித் தப்பித்தேன். எழுந்தது நான். இருபத்தெட்டு வயது. அந்த மலைப்பக்கம் நான்கு வருடம் இருந்தவன், வழக்கம் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. குடுவையைக் கொடுத்தால் வீடு என்னுடையதாகும் என்று தெரியும். வீடு என்னுடையதானால் அதில் இருக்கிறவளும் என்று ஊர் எடுத்துக்கொள்ளும் என்பதும் தெரியும். நான்கு மாதமாக ஓடைப் பக்கம் தேவையில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். நேரில் கேட்கத் தைரியமில்லாததை ஒரு குடுவையால் முடித்துவிடலாம் என்று மனதுக்குள் ஓர் ஆசை. அதற்கு உதவி என்று பெயர் வைத்தேன்.

குடுவையில் மொண்டேன். லுடோவிக் கையை நீட்டிவிட்டார்.

"வாத்தியாரே, அதக் கீழ வைங்க."

அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"உதவிதான் யுஸ்டா. மழை—"

"காலைல பசங்களுக்கு என்ன பாட்டு சொல்லித் தர்றீங்க? வெளியூர்க்காரன் வந்து தூக்கி விடுவான்னா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் குரலை உயர்த்தவும் இல்லை. என் விரல்களிலிருந்து குடுவையை எடுத்தாள். அவள் கண்களில்—

(கண்களை நான் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

முதல் வாயை அவளே குடித்தாள். பிறகு லுடோவிக் முன்னால் நீட்டினாள்.

"மாமா, இது என் கை. இது என் வீடு. குடிக்கறதுன்னா குடிங்க. இல்லேன்னா கொஞ்சம் நகந்து ஒக்காருங்க, ஏணிய எடுக்கணும்."

7

இந்தக் கதையைக் கேட்ட பத்திரிகை நண்பர் ஒருவர், "முடிவு பளிச்சென்று இருக்கட்டும்" என்றார். ஆகவே மூன்று முடிவு செய்து பார்த்தேன்.

முதலாவது. லுடோவிக்கின் கண் கலங்குகிறது, குடுவையை வாங்குகிறார், ஊரே ஏறுகிறது, கடைசிக் கட்டு கட்டியதும் மழை. கை தட்டுவீர்கள். யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். லுடோவிக்குக்கு. நான்கு மாதம் மண் மிதித்தவளை விட்டுவிட்டு ஒரு வாய் கள் குடித்தவருக்கு.

இரண்டாவது. யாரும் அசையவில்லை, மழை வருகிறது, சுவர் கரைகிறது. நீங்கள் பாவம் என்பீர்கள். நம்மவர்களுக்கு ஆப்பிரிக்காவைப் பற்றிப் பாவம் என்று சொல்லக் கிடைத்தால் ஒரு நிம்மதி. பாவப்படுவதற்குச் செலவே இல்லை. அந்த நிம்மதியை நான் தரமாட்டேன்.

மூன்றாவது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். பிறகு நாங்கள்— இதை நான் எழுதிய வேகத்தைப் பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது. நாற்பது வருடம் கழித்தும் நான் அதே பானைப் பக்கம்தான் போகிறேன்.

அந்தப் பொறியாளர் பெண்ணிடம் "உனக்கு எப்போ?" என்று நான் கேட்டதும் இதே புத்திதான். தனியாக இருக்கிற பெண்ணைக் கண்டால் எனக்கு அவள் பாதியில் நிற்கிற கட்டடமாகத் தெரிகிறாள். அவள் குடியிருப்பதே அதில்தான் என்பது கண்ணில் படுவதில்லை. புதிதாகப் பிறந்த நாடுகளைப் பற்றி லண்டனில் உட்கார்ந்து எழுதினார்களே, அவர்களுக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

8

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நான் பார்த்தவரை.

லுடோவிக் குடுவையைப் பார்த்தார். வித்தாலிஸைப் பார்த்தார். வித்தாலிஸ் குடையைப் பார்த்தார். லுகேலோ தலையைக் குனிந்துகொண்டான். நான் நூறு எண்ணியிருப்பேன்.

யுஸ்டா குடுவையைச் சிந்தாமல் லுடோவிக்கின் காலருகே மண்ணில் அழுத்தி நிறுத்தினாள். அவரைச் சுற்றிப் போய் ஏணியை எடுத்தாள். சுவரில் சாய்த்தாள். ஒரு புல்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். அவள் கால்சட்டையைப் பற்றி அன்று யாரும் எதுவும் பேசவில்லை. கட்டைக் கீழ்ச்சட்டத்தில் பரப்பி நாரால் இறுக்கினாள். இறங்கி இன்னொரு கட்டு எடுத்து வந்தாள். இறங்கி இன்னொன்று. இப்படி ஏறி இறங்கினால் எழுபது கட்டு எப்போது முடியும் என்று கணக்குப் போடத் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது. முதல் இடி கேட்டது.

ஆறாவது தடவை அவள் இறங்கவில்லை. சட்டத்தின் மேல் கால் பரப்பி நின்று, முதுகை நிமிர்த்தி, கீழே பார்த்தாள்.

எனக்கு அதற்கு மேல் தெரியாது. ரோஷம் வந்து நான் பாதியிலேயே கிளம்பிவிட்டேன். இதுதான் நாற்பது வருடமாக நான் கூரை போட்டு மூடிய விஷயம். பதினைந்து ஆண்களும் உட்கார்ந்திருக்க, முதலில் எழுந்து போனவன் நான். ஓடையைத் தாண்டும்போது மழையின் முதல் துளி கழுத்தில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. டிசம்பரில் மாற்றல் வாங்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் வந்துவிட்டேன். பிறகு இந்த நாட்டில் எத்தனையோ ஊர்களில் இருந்துவிட்டேன். அந்தச் சாலையில் மட்டும் போவதில்லை. கேட்டால் சொல்ல ஆள் இருந்தார்கள். கேட்கவில்லை.

ஆனால் பாறையைத் தாண்டுமுன் அவள் குரல் கேட்டது. கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. வேலை நடுவில் ஒரு மேஸ்திரி சொல்வது மாதிரி இருந்தது.

"கட்டு ஒண்ணு மேல வீசுங்க."

யார் பெயரையும் அவள் சொல்லவில்லை. நான் போய்விட்டேன். நீங்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறீர்கள், புல்கட்டு உங்கள் காலடியில் கிடக்கிறது.